பஸ்ஸில் நான் பேசாமல் வந்தது

மாமா,

கம்பெனி பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன். சோறும் குழம்பும் ஹாட்பாக்ஸில் இருக்கின்றன. அடுப்புப் பக்கம் போகாதீர்கள், உங்கள் வலது கைக்குச் சூடு தெரிவதில்லை. உங்களோடு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்க்கும் மகாராஜா பிசியோவுக்குக் கூட்டிப்போக வருவார், சட்டைப் பொத்தானை அவர் போட்டுவிடட்டும்.

ஆபரேஷனில் மூளைக்கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, கை ஏன் மரத்துப்போகிறது என்று தெரியவில்லை என்கிறார் டாக்டர். அதற்கு என் மேல் எரிந்து விழுந்தால் எப்படி?

வேல்விழி

பின்குறிப்பு: நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டீர்களே, "பக்கத்துல உக்காந்தும் கையப் புடிக்க மாட்டேங்கே, வெறுத்துப் போச்சா?" என்று. தண்டலத்தில் பஸ் ஏறியதிலிருந்து உங்கள் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த தடவை இடது பக்கம் உட்காருகிறேன்.