வாண்டு இங்கே இருக்கும்வரை

மார்ச் 3

பல் மருத்துவர் கேட்ட திரைச்சீலைகளில் ஒன்றைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பூவெல்லாம் தரையைப் பார்க்கிறது. தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது குழந்தைகள் காப்பக அதிகாரியம்மா போன் செய்தார். வாண்டுவின் அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டதாம். மாதக் கடைசியில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டுமாம்.

தற்காலிகமாக வளர்க்கத்தான் கைக்குழந்தையாக வாங்கி வந்தோம். தெரியாதா எனக்கு? தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு, பிரித்த திரைச்சீலையை மறுபடியும் தலைகீழாகவே தைத்துவிட்டேன். மூன்று வயதாகிறது அவளுக்கு. மேசைக்கடியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 5

"இருக்குற வரைக்கும் சந்தோஷமா வச்சுப்போம்" என்கிறார் இவர். பெரிய ஞானி. பஸ் ஓட்டுகிற மனிதருக்கு என்ன, ஏறுகிறவர்கள் எல்லாம் இறங்குகிறவர்கள்தான். அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 8

முடிவு செய்துவிட்டேன். இனி இடுப்பில் தூக்குவதில்லை, ஊட்டிவிடுவதில்லை, அவள் படுக்கை பக்கத்து அறையில். இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் அங்கே போய் ஏங்க மாட்டாள். அவள் நல்லதுக்குத்தான்.

அவள் நல்லதுக்குத்தானா?

தலையணையை இழுத்துக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். "நான் என்ன சேட்டை பண்ணேன்?" என்று கேட்டாள். ஒண்ணும் பண்ணல, போய்த் தூங்கு கண்ணு என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

மார்ச் 13

இன்று முழுக்க அவள் என்னைத் தூக்கச் சொல்லவில்லை. நினைத்தது நடந்துவிட்டது. என் நினைப்பில் கொள்ளி வைக்க.

மார்ச் 17

அம்மாக்காரி பார்க்க வந்தாள். சின்னப் பெண். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வாண்டு அழுது ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் — உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டேன். அவள் பாட்டுக்கு அந்த மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார ஒரு மடி வேண்டியிருந்திருக்கிறது பிள்ளைக்கு.

"இவ எதுக்குக்கா நல்லாச் சிரிப்பா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

யோசித்தேன். இந்த வீட்டில் அவள் சிரித்தே எத்தனையோ நாளாகிறது. அவள் போகிற நாளைக் கட்டிக்கொண்டு அழுததில், இருக்கிறவளை நானே அனுப்பிவைத்திருக்கிறேன்.

மார்ச் 18

தைக்க வேண்டியது மலையாய்க் கிடக்கிறது. கிடக்கட்டும். காலையிலேயே மேசைக்கடியில் நுழைந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், விருந்தாளிக்கு விடுகிற மாதிரி. அது சுருக்கென்றது.

"நீ எந்திரிச்சுப் போயிடுவியா?"

"இப்பப் போகல."

என் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு வெட்டுத்துணி ஒன்றை என் தலையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். வெளியே வரும்போது மேசையில் தலையை இடித்துக்கொண்டேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ராத்திரி எங்கள் நடுவில் படுத்தாள். இவர் நகர்ந்து படுத்தார்.

மார்ச் 24

சுலபமாக இல்லை. குளிப்பாட்டும்போது, அடுத்த வாரம் யார் கையோ என்று தோன்றிச் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன். இரு, முதலில் சோப்பைக் கழுவு என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். கழுவி முடித்ததும் அவள் வாளித் தண்ணீரை வாரி என் மேல் ஊற்றினாள். கொஞ்ச நேரம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். நடிக்கவில்லை.

மார்ச் 31

போய்விட்டாள்.

என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணும் அழுதாள். கார் தெருமுனை திரும்புகிறவரை குரல் கேட்டது. இவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரியம்மா கையெழுத்து வாங்கிக்கொண்டே, "இப்படிக் கதறிட்டுப் போறாளே. கொஞ்சம் முன்னாடியே விலகிப் பழக்கியிருக்கலாம்ல?" என்றார்.

"பழக்கினேன். நடுவுல விட்டுட்டேன்."

"ஏன்?"

"அவ அப்ப இங்கதானே இருந்தா" என்றேன்.