உங்கள் நீளத்துக்கு ஒரு அடித்துணி

அப்பா,

இன்று காலையில் பெரிய வாளியில் வெளுக்காத காடாத் துணியை ஊறப்போட்டேன். தண்ணீரில் அமுக்கிய கொஞ்ச நேரத்தில் கஞ்சி வாசனை மேலே வந்தது. பழைய சோற்றை மூடி வைத்துத் திறந்தால் வருமே, அந்த மாதிரி புளிப்பு. தண்ணீர் பழுப்பாக மாறியது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. "ஏன் அழுகுற?" என்று கேட்டது. கஞ்சி வாசனை என்றேன். அம்மா நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

இந்தத் துணியை நானே வாங்கி வந்தேன். நேற்று தனியாக பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, அந்தக் கடைக்குள் போய், கடைக்காரரிடம் வாயைத் திறந்து கேட்டு வாங்கினேன். உங்களிடம் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் கொரோனாவுக்காக மூடிக் கிடந்து, மறுபடி திறந்து, நான் ஒன்பதாவது போனபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லக்கூட முடியாது. முன்னால் இருக்கிறவளின் சடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாதி வருடத்தில் நின்றுவிட்டேன். அம்மா திட்டியது. நீங்கள் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள், நெல் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டே கேட்டீர்கள்.

"அங்கிட்டும் போகமாட்ட. சரி. இங்கிட்டு இருந்து என்னாத்தா செய்வ?"

தைப்பேன் என்றேன். அம்மாவின் தையல் மிஷின் மூலையில் கிடந்தது. முக்கத்து டெய்லர் அண்ணன் கடையில் வெட்டுத்துணி கோணிக் கணக்கில் கிடக்கும். சும்மாவே தருவார். அதைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்தேன். மேல்பக்கம் வெட்டுத்துணி, நடுவில் அம்மாவின் நைந்த சேலை, கீழே அடித்துணி. மேலும் நடுவும் காசில்லாமல் வந்துவிடும். அடித்துணிதான் வராது. போர்வைக்கு அடியில் ஒரே துணியாக வேண்டும், அகலமாக வேண்டும், உடம்பில் படுவதால் பருத்தியாக வேண்டும். இதெல்லாம் இருந்தால் விலை நமக்கு எட்டாது.

நீங்கள்தான் தேடினீர்கள். முதலில் ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த வேட்டி. தெருவில் யார் வீட்டிலெல்லாம் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாங்கி வந்தீர்கள். "எம்மக போர்வ தைக்கிது. ஒங்க பீரோவுல பூச்சிக்குத்தான போகப்போகுது, குடுங்க" என்பீர்கள். அது தீர்ந்ததும் கறம்பக்குடி சந்தை, இலுப்பூர் கடைகள் என்று மொபெட்டில் அலைந்தீர்கள். ஒரு இடத்தில் கிடைத்தது சல்லடை மாதிரி இருந்தது. இன்னொரு இடத்தில் லைனிங் துணி, அகலம் பத்தாது, நடுவில் மூட்டித் தைக்க வேண்டும். அதைத் தைத்து உங்களைப் படுக்கச் சொன்னேன். "மூட்ட தூக்குற முதுகுக்கே தையல் உறுத்துதே, மத்தவுகளுக்கு எப்புடி இருக்கும்?" என்று எழுந்துவிட்டீர்கள்.

அப்புறம்தான் புதுக்கோட்டையில் அந்தக் கடை தெரிந்தது. அகலக் காடா வைத்திருக்கிறார், மில்லிலிருந்து வரும் மிச்சம், கேட்ட நீளத்துக்கு வெட்டி எடைபோட்டுக் கொடுக்கிறார் என்று மண்டியில் யாரோ சொன்னார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். தீபாவளிக்கு முந்தின கூட்டம். நான் வாசலில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் துணியை விரித்துக் காட்டி, இத்தனை இஞ்ச் அகலம், எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டார். உங்களுக்கு இஞ்சும் தெரியாது, மீட்டரும் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் வாய் வரவில்லை. குனிந்துகொண்டேன்.

உடனே செருப்பைக் கழற்றிவிட்டு, கடையின் நடுத்தூணில் தலை முட்டுகிற மாதிரி, அந்தத் துணியின் மேலேயே நீட்டிப் படுத்துவிட்டீர்கள்.

"என்னண்ணே, ஒறக்கம் வந்துருச்சா? தலகாணி தரவா?" என்றார் கடைக்காரர்.

"தலகாணி வேணாங்க. வெலையக் கொறைங்க, எந்திரிக்கிறேன். நான் படுத்தா காலு வெளிய நிக்கக் கூடாது, அதுதான் அளவு."

கடையே சிரித்தது. சேலை எடுக்க வந்த ஒரு அம்மா வாசலுக்கே வந்து, "ஏத்தா, ஒங்கப்பாவா அது? வெரசா எந்திரிக்கச் சொல்லு. துணியோட சேத்து மடிச்சு எடை போட்டுறப்போறாக!" என்றார். நீங்களும் படுத்தபடியே சிரித்தீர்கள். நான் மொபெட்டை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

நீங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தீர்கள். "நீ பாக்காம நான் எப்புடி வாங்குறது?" என்றீர்கள்.

"இனிமே ஒங்ககூட கடைக்கு வரவே மாட்டேன்."

உங்களிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். ஒரு தடவை போதும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் தனியாகப் போய் வாங்கி வந்தீர்கள். நல்ல துணி. கையில் பிடித்தால் மொடமொடவென்று நின்றது. பஞ்சாயத்து ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா, ஹாஸ்டலுக்குப் போகும் மகளுக்கு ஒரு போர்வை கேட்டிருந்தார். நம் தெருவைத் தாண்டி வந்த முதல் ஆர்டர். பதினைந்து நாள் தைத்தேன். கொடுத்த அன்று அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார். முதல் தடவை துவைத்திருக்கிறார். மேல்பக்கத்து வெட்டுத்துணி எல்லாம் பாலியெஸ்டர் கலந்தது, அப்படியே இருந்தது. அடியிலிருந்த காடா சுருங்கி, மேலே இருந்ததை எல்லாம் உள்ளே இழுத்திருந்தது. பொரித்த அப்பளம் மாதிரி போர்வை முழுக்கக் கொப்புளம். நீளத்தில் ஒரு சாணுக்குக் கிட்டக் குறைந்துவிட்டது.

"தச்சதுல கொற சொல்லலை பாப்பா. தண்ணியில போட்டதும் இப்புடி ஆயிருச்சு" என்றார் அவர்.

நான் மிஷினுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் முன்னால் வந்தீர்கள்.

"எம்மக மேல தப்பில்லைங்க. நாந்தான் பாக்கத் தெரியாம மட்டத் துணியா வாங்கிப்புட்டேன்."

அவர் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினீர்கள். அன்று முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மட்டத் துணி வாங்கி வந்து என் முதல் ஆர்டரைக் கெடுத்துவிட்டீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாம் நாள், மூலையில் நான் சுருட்டி எறிந்த போர்வையை எடுத்து உதறினீர்கள். "எனக்குப் போத்திக்க ஆச்சு" என்றீர்கள்.

மார்கழி முழுக்க அதைத்தான் போர்த்திப் படுத்தீர்கள். தலை வரை இழுத்தால் கால் வெளியே நிற்கும். காலை மூடினால் நெஞ்சு திறந்திருக்கும். அதிகாலையில் கோலம் போட எழுந்து வரும்போது, பாய்க்கு வெளியே உங்கள் இரண்டு பாதமும் பனியில் விறைத்துக் கிடக்கும். பித்தவெடிப்பில் நெல் தூசி இருக்கும். தாண்டிப் போவேன். உங்களுக்கு ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று ஒருநாள் கூட எனக்குத் தோன்றவில்லை. அடித்துணி கிடைத்தால் அடுத்த ஆர்டருக்கு ஆகுமே என்றுதான் தோன்றும்.

மாசியில் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வந்து சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோடித் துணி கொண்டுவந்து போர்த்தினார்கள். எல்லாம் புது வேட்டி. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. கஞ்சி வாசனை வீடு முழுக்க. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உங்கள் கால் வெளியே தெரியவில்லை. மூடியிருந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 'இத்தனை அகலம், மூட்டே இல்லாமல் அடித்துணிக்கு ஆகும்' என்று தோன்றியது. அப்பாவைக் கிடத்திவிட்டு அளவு பார்க்கிற மகள். அந்த நினைப்பு வந்த பிறகு என்னால் அழ முடியவில்லை. கல் மாதிரி நிற்கிறாள் என்று பேசினார்கள்.

உங்களை எடுத்த பிறகு அத்தை, "பாயி, தலகாணி, போர்வ எதையும் வீட்டுல வைக்கக் கூடாது, கொண்டுபோய்ப் போட்டுருங்க" என்றது. சித்தப்பா எல்லாவற்றையும் பாயோடு சேர்த்துச் சுருட்டினார். அந்தப் போர்வையின் ஓரம், மஞ்சள் பூப்போட்ட சதுரம் ஒன்று, சுருட்டலுக்கு வெளியே தொங்கியது. அதை மட்டும் விடுங்க சித்தப்பா என்று சொன்னால் விட்டிருப்பார். நாலு வார்த்தை. வாய் வரவில்லை. தெருமுனை வரைக்கும் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் ஐந்து மாதம் மிஷினைத் தொடவில்லை. போன வாரம் நர்ஸ் அக்காவே வந்தார். "மக இன்னும் அந்தப் போர்வையத்தான் கேக்குறா. இன்னொன்னு தச்சுத் தர்றியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அடித்துணி வாங்க இனிமேல் யார் போவது என்று அவர் போன பிறகுதான் உறைத்தது.

நேற்று நான் உள்ளே போனபோது கடையில் கூட்டமில்லை. அகலக் காடா வேண்டும் என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"படுத்துப் பாத்தாரே ஒருத்தரு, அவரு மகதான நீ? அன்னைக்கு வண்டிகிட்ட நின்னியே. அப்பா வரலையாத்தா?"

"அப்பா இல்லைங்க."

வெளி ஆள் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எப்போது என்று கேட்டார். மாசியில் என்றேன். பிறகு துணியை இறக்கிக்கொண்டே சொன்னார்.

"இத ஊறப்போட்டு, கஞ்சி போக அலசி, காயவச்சுத்தான் வெட்டணும். இல்லாட்டி சுருங்கிரும். ஒங்கப்பாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். மகளுக்கு மறக்காமச் சொல்லிப்புடுறேன்னு, ரோட்டுல எறங்குற வரைக்கும் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டுப் போனாரு. சொன்னாரா?"

அப்போதுதான், அப்பா, அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவு வந்தது. துணியை மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றீர்கள். "ஆத்தா, கடைக்காரரு ஒண்ணு சொன்னாரு, இதத் தண்ணியில..." என்று ஆரம்பித்தீர்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மிஷினை வேகமாக மிதித்தேன். ஊசிக்கு அடியில் துணிகூட இல்லை. சத்தத்துக்காக மிதித்தேன். நீங்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

மட்டத் துணி இல்லை அது. நர்ஸ் அக்கா வந்து நின்றபோது உங்களுக்கு அது தெரிந்திருந்தது. 'நான் சொல்ல வந்தேன், நீதான் கேக்கலை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மார்கழி முழுக்க, கால் வெளியே கிடக்க, சொல்லாமலே படுத்திருந்தீர்கள்.

"சொன்னாருங்க" என்றேன் கடைக்காரரிடம். அது பொய்யில்லை.

எவ்வளவு நீளம் என்று கேட்டார். மீட்டரில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "தூண்ல இருந்து விரிங்க" என்றேன். ஒன்றும் கேட்காமல் விரித்தார். கடையின் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கல். தூணிலிருந்து எண்ணினேன். ஆறாவது கல், கறுப்பு, அதில் பாதிக்கு மேல். அங்கே வரும் உங்கள் குதிகால். சுருங்குவதற்கும், மேலே இழுத்துப் போர்த்துவதற்குமாக இன்னும் இரண்டு கல் தள்ளி வெட்டச் சொன்னேன்.

துணி இப்போது கொடியில் காய்கிறது. சொட்டுவது நின்றுவிட்டது. நாளைக்குக் காய்ந்ததும் அளந்துவிட்டுத்தான் வெட்டுவேன். நர்ஸ் அக்காவின் மகள் என்னைவிடக் குள்ளம். அவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்பாள். நான் தைத்தால் அளவு அதுதான் என்று சொல்லிவிடுவேன். இப்போது சொல்ல வருகிறது.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டேன், எதையும் பார்க்கவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். போவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பினேன், அப்பா. அந்தத் துணியில் நீட்டிப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கல்லை எண்ணுகிற அளவுக்கு நின்று பார்த்தேன்.