கொஞ்சம் மிசரபிள்

ஹல்,
13 ஜனவரி 1966

அன்புள்ள எட்னா அக்காவுக்கு,

நீ பின்னி அனுப்பிய நீலத் தொப்பி ராபினுக்குச் சரியாக இருக்கிறது. ஏழு மாதத்தில் என்ன தலை! அவன் அப்பா டெட் மீன்பிடிக் கப்பலில் போய் ஒன்பது நாளாகிறது.

ராபினுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். தூக்கினால் வீறிடுகிறான், கீழே போட்டால்தான் அடங்குகிறான். எந்தக் குழந்தையாவது அப்படிச் செய்யுமா? காலையில் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். இதையெல்லாம் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். டாக்டர் வீட்டில் போனை எடுக்கும் பெண், "புள்ள எப்படிம்மா இருக்கான்?" என்றாள். கூண்டுக்கு வெளியே நாலு பேர் நிற்கிறார்கள். "கொஞ்சம் மிசரபிளா இருக்கான், அவ்வளவுதான். உங்களுக்கு வேற வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். மழைக்கும் ஆறின தேநீருக்கும் சொல்கிற சொல்! அவளும் சிரித்துவிட்டு, "ஜனவரியில யாருதான் மிசரபிளா இல்ல? திங்கக்கிழமை தூக்கிட்டு வா, கண்ணு" என்றாள்.

மறுபடி கூப்பிடட்டுமா? மூன்று பெற்றவள் நீ. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் ஹேசல்

விட்பி,
14 ஜனவரி

ஹேசல் கண்ணு,

பல் முளைக்கிறது, வேறென்ன? என் கீத் இப்படித்தான் ஊரைக் கூட்டினான். கல்லூரியில் படித்ததற்கு இதுதான் பலன், தும்மினாலும் புத்தகத்தைப் புரட்டுகிறாய். டாக்டருக்கும் சனி ஞாயிறு உண்டு. அம்மா கடைசி நாளில்கூட "யாரையும் தொந்தரவு பண்ணாதீங்கடி" என்றுதானே சொன்னாள்? நாம் அவள் பெண்கள். திங்கள்வரை பொறு.

ஞானஸ்நானத்துக்கு வைத்திருந்த வெள்ளிக் கிலுகிலுப்பையை இப்போதே அனுப்புகிறேன். ஆட்டிக் காட்டு, அழுகை நின்றுவிடும்.

முத்தங்களுடன்,
அக்கா

ஹல்,
22 பிப்ரவரி

அக்கா,

ஐந்து வாரம் கழித்து நேற்று வீட்டுக்கு வந்தோம். டெட் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அடித்த தந்தியில் எழுதாததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. பொறுத்தேன். ஞாயிறு மதியம் அவனுக்கு வலிப்பு வந்தது. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டபோதும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "புதன்கிழமையிலேர்ந்து கொஞ்சம் மிசரபிளா இருந்தான்." அதோடு என் ஈரக் காலணி தரையை நனைத்ததற்கு நர்ஸிடம் மன்னிப்பும் கேட்டேன்.

கல்லூரியில் வாங்கிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இரங்கத்தக்க நிலையில் இருப்பது என்று போட்டிருக்கிறது. யாரும் நம்மேல் இரங்கிவிடக் கூடாதென்றுதான் அதை மழைக்குக் கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது.

உன் பொட்டலத்தை இன்று காலைதான் பிரித்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டினேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு காதும் போய்விட்டது, அக்கா. இனி வராது என்கிறார்கள்.

ஹேசல்

விட்பி,
25 பிப்ரவரி

ஹேசல்,

கடிதம் கிடைத்தது. இங்கே எட்டு நாளாக மழை. ரொம்ப மிசரபிள். துணி காயவில்லை, சமையலறை முழுக்கக் கொடி கட்டியிருக்கிறேன். கீத்துக்கு இருமல். மனதைத் தளரவிடாதே. இப்போது கருவிகளெல்லாம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

கிலுகிலுப்பையைத் திருப்பி அனுப்பாதே.

சனிக்கிழமை ரயிலில் வரட்டுமா? எப்படி இருக்கிறாய் என்று எழுது.

எட்னா

ஹல்,
2 மார்ச்

அக்கா,

உன் கடிதத்தில் மழை இருந்தது, துணி இருந்தது, ராபின் பெயர்கூட இல்லை. 'பொறு என்றது நான்தான்' என்று எங்காவது எழுதியிருப்பாயோ என்று மூன்று தடவை படித்தேன். பழி உன்மேல் மட்டும் இல்லை. கூண்டுக்குள் நின்று வாய் திறக்காதவள் நான்.

இன்று டாக்டர் வீட்டுக்குப் போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தாள். "எப்படி இருக்கே, கண்ணு?"

"எம் புள்ளைக்குக் காது கேக்காது. நான் நல்லா இல்ல. அவன் தூங்கினா செத்துட்டானோன்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். யாராவது வந்து என்கூட இருக்கணும்" என்றேன்.

வெளியே நின்றவர்கள் குனிந்து அவரவர் காலணியைப் பார்த்தார்கள். நேரம் முடிந்து போன் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. இன்னொரு காசு போட்டு, முதலிலிருந்து சொன்னேன்.

சனிக்கிழமை வா. ஆனால் எப்படி இருக்கே என்று கேட்டால், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்து கேள். அது முடியாதென்றால் டிக்கெட் எடுக்காதே.

ஹேசல்