டப்பா மாறினால் கட்சி மாறும்

துறையின் இரும்பு அலமாரியை இன்று காலி செய்தேன். கீழ்த்தட்டில், பழைய விடைத்தாள்களுக்குப் பின்னால், உன் சாப்பாட்டு டப்பா. மூடியில் உன் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது. கல்லூரியில் கடைசிப் பரீட்சை அன்று நாம் மாற்றிக்கொண்டது, திருப்பித் தரவே இல்லை; இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நான்தான் கொண்டுவந்து வைத்தேன். திறந்து முகர்ந்தேன். கருவாட்டு வாசம் எப்போதோ போய்விட்டிருந்தது.

நீ இறந்துபோய்ப் பத்து மாதமாகிறது. நீ வைத்த சட்டத்தை இனி நான் மட்டும்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். படிக்கிற காலத்தில், காலையில் மார்க்கையன்கோட்டையில் கல்லூரி பஸ் ஏறியதும் ஏதாவது ஒன்றை எடுத்து ஆளுக்கொரு பக்கம் பேசுவோம். மதியம் என் புளிச்சோறும் உன் கருவாட்டுக் குழம்பும் கை மாறும். கூடவே பக்கமும் மாறும். "டப்பா மாறுனா கட்சியும் மாறணும்டி. அந்தப் பக்கமும் மனுசந்தான இருக்கான்?" என்பாய். சாயங்காலம், ஊரில் இறங்குவதற்குள், உண்மையில் என்ன நினைக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் என்னை ஒருநாளும் நீ இறங்க விட்டதில்லை.

பெண்ணுக்கு நகையா, படிப்பா என்று ஒருநாள் பேச்சு. மதியம் நகைப் பக்கம் எனக்கு வந்தது. "ஆத்திர அவசரத்துக்கு நகைய அடகு வைக்கலாம். டிகிரிய எந்தக் கடையில வாங்குவாக?" என்றேன். வராண்டாவே சிரித்தது. "ஏடி, எங்கய்யா காதுல விழுந்துறாம. நாளைக்கே என் படிப்ப நிறுத்திருவாக" என்றாய்.

நான் நாம் படித்த கல்லூரியிலேயே வரலாற்று ஆசிரியையானேன். நீ உன் வீட்டுக்காரரின் உரக்கடையில் உட்கார்ந்தாய். "மருந்து கேட்டு வர்றவககிட்ட, பூச்சியக் கண்ணால பாத்தீகளான்னு கேட்டுத் திருப்பி அனுப்புறா. இவள வச்சு ஏவாரம் பண்ணுனாப்லதான்" என்று அவர் என்னிடம் புலம்பினார். படிப்பு எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த வருடம் வரலாற்றுக்குச் சேர்ந்தது நான்கு பேர். துறையை மூடுவதற்கான காரணங்களை எழுதித் தரும்படி கல்லூரி முதல்வர் என்னிடமே கேட்டார். எழுதினேன். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தகப்பனின் பயத்தையும், சம்பளம் தர வேண்டிய நிர்வாகத்தின் கஷ்டத்தையும் அவர்கள் இடத்தில் நின்றே எழுதினேன். நன்றாக வந்திருந்தது. "இம்புட்டுத் தெளிவா வேற யாரும் எழுத மாட்டாகம்மா" என்றார். இன்று கூட்டத்தில் அதை வாசித்தார்கள். முடிந்ததும் டீ வந்தது. "நீங்க என்ன நினைக்கிறீக?" என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருடம் துறை இல்லை.

எதிராளியின் நியாயத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா? மற்றவர் பக்கமெல்லாம் என் வாயில் சரளமாக வருகிறது. என் பக்கம் மட்டும் வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். சின்னமனூர் தாண்டியதும் தொண்டை வரை வந்தது: மூடக் கூடாது. அந்த நாலு பிள்ளைகளுக்காவது துறை இருக்க வேண்டும். உதடு அசைந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெண் திரும்பி, "என்னக்கா, எதும் சொன்னீகளா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

ஊர் வந்தது. இறங்கிவிட்டேன்.