காற்றில்லாமல் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர்

திங்கள். இரவு 10.20. மழை வரும்போல இருந்தது, வரவில்லை. புழுக்கம்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். முக்கியமாக, கோகுல் என்று ஒருவன் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். என் அண்ணன்தான். நல்லவன் மாதிரிச் சிரிப்பான்.

வேதியியல் ரெக்கார்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்த வீட்டில் வேதியியலை யாரும் தொடமாட்டார்கள்.

அப்பாவிடம் ஐந்து லாரி. ஐந்துக்கும் ஸ்டெப்னி உண்டு. மூன்று மாதம் முன்பு பெங்களூரிலிருந்து வாங்கிவந்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் இல்லை. சாம்பல் நிறம், இரண்டே சீட்டு, திறந்து மூடும் கூரை. எங்கள் ஊர் புதுச்சத்திரத்தில் பாதிப் பேர் டிக்கியைத் திறந்து பார்த்தாயிற்று.

"ஏனுங்க, ஸ்டெப்னி எங்கீங்க?"

"இதுக்கு வேண்டீதில்லீங்க. ரன்ஃப்ளாட் டயரு. காத்து எறங்குனாலும் ஓடும்."

எங்கள் டிரைவர் மாது அண்ணன் கேட்டார்: "காத்தில்லாம ஓடற டயருக்கு எதுக்குங்க காத்து அடிக்கறீங்க?"

அப்பா டிக்கியைச் சாத்திவிட்டார். பதில் எனக்குத் தெரியும். காரின் கையேட்டை அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னதே நான்தான். பக்கச்சுவர் தடிமன். காற்றுப் போனாலும் அந்தச் சுவர் வண்டியைத் தாங்கும். எண்பது கிலோமீட்டர் வரை, எண்பது வேகத்துக்குள். அதற்கு மேல் போனால் சுவர் உள்ளுக்குள் வெந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

இனி நேற்று நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

1. அப்பாவும் அம்மாவும் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள்.
2. கோகுல் காரை எடுத்தான். என்னையும் ஏற்றிக்கொண்டான்.
3. பனமரத்துப்பட்டி ஏரிக்கரைப் பாதை. ஆளே இல்லை. "ஓட்டறயா?" என்றான்.
4. ஓட்டினேன்.

எழுதிவிட்டேன். வயது பதினாறு. தப்புதான். நான்கு கிலோமீட்டர். பயமாகவும் இருந்தது, இறங்க மனமில்லாமலும் இருந்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

5. மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டயரில் காற்றில்லை என்று அர்த்தம். நான் நிறுத்திவிட்டேன்.
6. கோகுல் இறங்கி உதைத்துப் பார்த்தான். "கல்லாட்டம் நிக்குது. லைட்டுலதான் கோளாறு." ஏதோ பட்டனை அழுத்திப் பிடித்தான். விளக்கு அணைந்தது.
7. அவன் ஓட்டினான். நாமகிரிப்பேட்டைக்குப் போய் நண்பனிடம் காட்டினான். பிறகு நாமக்கல். பிறகு வீடு. பைபாஸில் நூற்றிருபது. நான் முள்ளைப் பார்த்தேன்.

விளக்கு எரிந்தபோது மீட்டர் 48,213. வீட்டில் 48,307. நான் எப்போதும் மீட்டர் பார்ப்பேன். கெட்ட பழக்கம்.


செவ்வாய். வெயில். இயற்பியல் டெஸ்ட்: 31/50.

அப்பா தினமும் காலையில் இரும்புத்தடியோடு ஷெட்டுக்குப் போவார். ஒவ்வொரு டயருக்கும் இரண்டு தட்டு. தட்டிவிட்டுக் காது கொடுத்து நிற்பார். சத்தத்திலேயே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவார். லாரி டயரில் இதுவரை தப்பியதில்லை.

நேற்றும் இன்றும் காரையும் தட்டினார். நல்ல சத்தம். அந்தத் தடித்த சுவர் அப்படித்தான் கேட்கும். வண்டியும் சாயாமல் நின்றது. இன்றைக்குக் காற்றடிக்க, அழுத்தம் காட்டும் கேஜை வைத்தபோது இடது பின் டயரில் சைபர்.

"தட்டுனா கிண்ணுன்னு கேக்குது, உள்ள காத்தே இல்லியே!" அப்பா தன் தடியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஆணி கண்ணில் பட்டது. "நின்னமேனிக்கு எறங்கியிருக்கு. சாமி, நோட்டெடுத்துட்டு வா." என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

டயர் நோட்டு. ஏழாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதுகிறேன், கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று. ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கம். எங்கே, எத்தனை கி.மீ., என்ன ஆச்சு, யார் ஓட்டியது. "வாய் மறந்துரும், நோட்டு மறக்காது" என்பார் அப்பா. அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, கீழே சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா சொன்னார். எழுதினேன் (இ.பி. என்றால் இடது பின்): "இ.பி. ஷெட்டில் நின்றபடி காற்று இறங்கியது. ஆணி."

நான்கு வருடத்தில் அந்த நோட்டில் விழுந்த முதல் பொய். என் கையெழுத்தில்.

இரவு சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன். இரண்டாவது பொய்.


புதன். சாயங்காலம் காற்று, புழுதி.

பள்ளி விட்டதும் பிக்கப் வண்டியில் சேலம். பின்னால் காரிலிருந்து கழற்றிய நான்கு சக்கரம். முன்னால் அப்பா, கோகுல், நடுவில் நான். புது டயர் நம்பரைக் குறிக்க நான் வேண்டுமாம்.

கரீம் பாய் கடை. லாரி டயரிலிருந்து கார் டயர் வரை எல்லாம் பார்ப்பவர். அப்பாவும் அவரும் பேச ஆரம்பித்தால் எங்களுக்கு வயதாகிவிடும்.

முன் டயர் இரண்டும் மாற்றியே ஆக வேண்டும். பட்டன், அதாவது தரையில் படும் வரிகள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எட்டு வருடப் பழைய ரப்பர், ஓரமெல்லாம் கீறல். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதைப் படித்துச் சொன்னது நான்.

"பாப்பா கடைக்கு வேலைக்கு வருதா?" என்றார் பாய்.

அப்பாவின் யோசனை: முன்னால் சாதா டயர், பின்னால் ரன்ஃப்ளாட்.

"ஆகாதுண்ணே. போட்டா நாலும் இது, இல்லைன்னா நாலும் அது. ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல செருப்பா?"

"நாலும் சாதா போட்டா?"

"தாராளமா போடலாம். ஆனா ஸ்டெப்னி வைக்க இடமில்லை. நடுராத்திரி பஞ்சர் ஆனா ஊட்டுக்காரம்மாவ எறக்கித் தள்ளச் சொல்லுவீங்களா?"

பாய் 'ஊட்டுக்காரம்மா' என்றதும் அப்பா சிரித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்தக் காரில் பெங்களூர் போகிறார். சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். கார் வந்ததிலிருந்து அம்மா அதில் ஏறியதே இல்லை.

பாய் இரண்டு ரகம் எடுத்துவந்தார். ஒன்று கல் மாதிரி. இன்னொன்று புதிது, சுவர் கொஞ்சம் இளக்கம், குழி தெரியாது என்றார். அப்பா இரண்டையும் கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்துகூடப் பார்த்தார். இளக்கமானதை எடுத்தார். "அவளுக்கு இடுப்புவலி" என்றார் மெதுவாக, பாயிடம் மட்டும்.

பிறகு இ.பி. டயரை ரிம்மிலிருந்து கழற்றினார்கள். பாய் உள்ளே கைவிட்டுத் தடவினார். விரலில் கொஞ்சம் கறுப்புத் தூள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காத்தில்லாம எத்தனை தூரம் ஓடுச்சு?"

"ஒரு அடி ஓடலீங்க பாய். ஷெட்டுல நின்னமேனிக்கு எறங்குச்சு. நோட்டுலயே எழுதியிருக்குது பாருங்க."

"ஓடலைன்னா ஒட்டலாம். பட்டன் முக்கால்வாசி இருக்கு. ஓடியிருந்தா நான் தொட மாட்டேன். இது உள்ள செத்தாலும் வெளிய தெரியாத ஜாதி. வேகத்துல போறப்போ ஒரு நேரம் சுவரு வெடிச்சா, வண்டி கையில நிக்காது."

என் வாய் திறந்தது. கோகுலின் செருப்பு என் கால்மேல் ஏறி நின்றது.

பாய் என்னைப் பார்த்தமாதிரி இருந்தது. "சுவரு அரைபட்டாலும் இப்படித் தூள் வரும், அது கொஞ்சம் யோசிக்க வைக்குதுண்ணே. புது டயரு சனிக்கெழமைதான் மாட்டப் போறேன். இதையும் அன்னிக்கே ஒட்டறேன். அதுக்குள்ள யாரையாச்சும் கேக்கணும்னா கேட்டுக்கங்க."

"டயருக்கு நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றார் அப்பா.

கடை முழுக்கச் சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன்.


வியாழன். வெயில். தலைவலி.

மாடியில் துணி எடுக்கும்போது கோகுலைப் பிடித்தேன்.

"நீ சொல்லு. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லு. நீ ஓட்டுனதையும் நான் சொல்றேன். பீரோல பாரம் இருக்குது, தெரியுமில்ல? ஹாஸ்டலு. காலைல நாலு மணிக்கு பெல்லு. ஞாயித்துக்கெழமை ஒரு போனு. ரெண்டு வருஷம்."

தெரியும். ஆனியிலேயே அப்பா வாங்கிவைத்த ஹாஸ்டல் பள்ளி விண்ணப்பம். "பொம்பளப்புள்ள அடங்கலைன்னா அங்கதான்" என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பள்ளியின் ஜன்னல்களைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"அம்மா உக்காரப் போறாங்கடா அதுல."

"ஏ புள்ள, நாமக்கல்லுல ஒட்டாத டயரா? லாரிக்கு பதிமூணு ஒட்டுப் போட்டு அஸ்ஸாம் போய்ட்டு வாரான்."

"இது லாரி டயரில்ல."

கோகுல் துணியை மடித்தான். என் சட்டையை மூன்று தடவை மடித்தான். அவனுக்கும் பயம். அவன் பயம் எனக்கு எதற்கு?

அம்மா அறைக்குப் போனேன். கட்டில் முழுக்கப் புடவை. பச்சையா, அரக்கா? "மேல தொறந்து உட்டா தல கலைஞ்சுருமா? உங்கப்பாகிட்ட மூடச் சொல்லோணும்." பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு: "ரெண்டு சீட்டு வண்டிய ரெண்டே பேரா இருந்தப்ப வாங்கியிருக்கோணும். இப்ப உங்கள எல்லாம் எங்க வைக்கறது?"

"அம்மா, அந்த டயரு..."

"டயருன்னா உங்கப்பாகிட்டப் பேசு சாமி. இருவது வருஷமாக் கேட்டுக் கேட்டு என் காதே தேஞ்சு போச்சு."

பச்சை, என்றேன். 

பெங்களூர் வழியில் தொப்பூர் கணவாய். போகும்போது ஏற்றம். வரும்போது இறக்கம், வளைவு, இரண்டு பக்கமும் லோடு லாரி. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. பச்சைப் புடவை.


வெள்ளி. இரவு 9.50. மழை. கடைசியில் வந்துவிட்டது.

நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பாய் ஒட்டுவார்.

வாயால் சொல்ல இரண்டு தடவை போனேன்.
காலை: அப்பா போனில். முட்டை லோடு, ஏதோ தாமதம்.
மதியம் பள்ளி.
சாயங்காலம்: அப்பா தனியாகத்தான் இருந்தார். "என்ன சாமி?" என்றார். "ஒண்ணுமில்லீங்கப்பா" என்றேன். இந்த நாக்கை வெட்டிப்போடலாம்.

சரி. வாய் வராவிட்டால் கை இருக்கிறது. எட்டு மணிக்கு டயர் நோட்டை எடுத்தேன். என் நோட்டு. நான்கு வருடமாக நான் எழுதுவது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வரியின்மேல் ஒரே கோடு. அழிக்கவில்லை. படிக்க முடிய வேண்டும், பொய்யும் தெரிய வேண்டும். கீழே எழுதினேன். மறந்துபோகாமலிருக்க இங்கேயும்:

"இ.பி. மேலே உள்ளது பொய். ஞாயிறு, பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் காற்று இறங்கியது. மீட்டர் 48,213. காற்றில்லாமல் வீடு வந்தது, மீட்டர் 48,307. ஓடியது 94 கி.மீ. வேகம் 120 வரை. ஒட்டக்கூடாது.
யார் ஓட்டியது: விளக்கு எரியும்வரை 4 கி.மீ. நான். 94 கி.மீ. கோகுல்."

கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர். இனிஷியலோடு. அப்பாவின் இனிஷியல்.

அவனை மட்டும் மாட்டிவிட்டு என் நான்கு கிலோமீட்டரை விட்டிருக்கலாம். அவன் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஆனால் அப்புறம் அந்த நோட்டில் நான் எப்படி எழுதுவது?

அப்பா மேஜையில், மூக்குக்கண்ணாடி வைக்கும் இடத்தில், அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன். காற்றில் புரளாமலிருக்க மேலே கேஜ்.

கோகுலிடமும் சொல்லிவிட்டேன். ஒளித்துச் செய்யவில்லை. அவன் அறை வாசலில் நின்று, "எழுதிட்டேன்" என்றேன்.

"கிழிச்சிருவேன்."

"கிழி. அப்பா பக்கம் எண்ணுவாரு."

அவன் எழுந்திருக்கவில்லை. "என் வேகத்தையும் எழுதிட்டயா?" என்றான். சின்னப் பையன் குரலில். "ம்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

பீரோவில் இருக்கும் விண்ணப்பத்துக்கு: நிரப்பிக்கொள்ளட்டும். நாலு மணிக்கு எழுந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போதும், அம்மா எடுத்தால். அம்மா எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

  எழுத்து கோணாமல் வருகிறது.

10.05. மழை விட்டுவிட்டது. அப்பா அறையில் விளக்கு. கேஜை எடுத்து ஓரமாக வைத்த சத்தம். 

10.15.  ஒரே பக்கத்தை இவ்வளவு நேரமா படிப்பார்?

10.20. போனில் பேசுகிறார். "பாய், தூங்கிட்டீங்களா... அதை ஒட்டாதீங்க. ஆமாங்க. பின்னாடிக்கும் சேத்து நாலும் புதுசு. அதே இளக்கமானது... இல்லீங்க, நான் யாரையும் கேக்கல. என்ற புள்ள எழுதியிருக்குது."

வைத்துவிட்டார்.

நாற்காலி நகர்கிறது. செருப்புச் சத்தம். அப்பா கோகுல் அறை வாசலில் நிற்கவில்லை. தாண்டிவிட்டார்.

அப்பா என் கதவைத் தட்டியதே இல்லை. கூடத்திலிருந்து கூப்பிடுவார். இப்போது தட்டுகிறார். இரண்டு தட்டு. தட்டிவிட்டு நிற்கிறார். மூச்சுச் சத்தம் கேட்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று காது கொடுத்துக் கேட்கிறார்.

இருக்கேனுங்கப்பா, இதோ தொறக்—