இரண்டும் இடக்கை

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆடை வடிவமைப்பு வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஓடுகிற தையல் மெஷின் நான்கு. பாதிப் பேர் ஊசியில் நூல் கோப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஆசிரியர் அறையில் வேதியியல் டீச்சர், "உங்களுக்கென்னம்மா, கொடுத்து வச்சவங்க. திருத்த ஒரு பேப்பர் உண்டா?" என்றார். சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 6

சட்டைக்குக் கை வெட்டும் பாடம். மடிக்காத ஒற்றைத் துணியில், கையின் வடிவத்தில் வெட்டிய அச்சுக் காகிதத்தை ஒருமுறை அப்படியே வைத்து, மறுமுறை கவிழ்த்து வைத்து வரைய வேண்டும். மறந்தால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். தொண்டை வறளச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஆறேழு பேர், "எனக்கு வரைஞ்சு குடுங்க மிஸ்" என்று துணியை நீட்டிக்கொண்டு மொய்த்தார்கள். யாருக்கு என்ன வரைந்தேனோ.

பிப்ரவரி 11

இன்று கத்திவிட்டேன்.

மற்றவர்கள் 'வாய்ப்பூட்டு' என்று கூப்பிடுகிற பெண். வடிவமைப்புக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கும் ஒரே பிள்ளை அவள்தான். இருபதாம் தேதி நேர்முகத் தேர்வு. தானே தைத்த உடை ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். அவள் சட்டையில் இரண்டும் இடக்கை! அந்தத் துணியில் மிச்சமும் இல்லை.

"மூணு வருஷமா என்னத்தக் கத்துக்கிட்ட? கண்ணு எங்க இருந்துச்சு?" — எல்லார் முன்னாலும். அவள் வாய் திறக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். நான் அதட்டவும் இல்லை.

பிப்ரவரி 12

வாய்ப்பூட்டு வகுப்புக்கு வரவில்லை.

பிப்ரவரி 13

ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "நேர்முகத்துக்குப் போகல மிஸ். எனக்கு வெட்ட வராது." சட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கைகளைச் சட்டையோடு இணைத்த தையலைப் பிரித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் நீலச் சாக்கட்டிக் கோடு. பிள்ளைகளிடம் இருப்பது வெள்ளை. நீலம் என் பையில் மட்டும்தான். அப்படியானால் — வரைந்தது நான். காகிதத்தைக் கவிழ்க்க மறந்தது நான். அவள் என் கோட்டின் மேலேயே பிசகாமல் வெட்டியிருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்.

பிப்ரவரி 14

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தனியா கூப்பிட்டுச் சொல்லிடு. அத்தனை பேர் முன்னாடி உன் மானத்த நீயே ஏன் வாங்கிக்கிற?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், திட்டினப்ப தனியாவா திட்டினேன்?

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லியனுப்பி அவளை வகுப்புக்கு வரவழைத்தேன். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கோடு நான் போட்டது. தப்பு என்னோடது. அவ சரியாத்தான் வெட்டியிருக்கா." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவள் தலை நிமிரவில்லை. மன்னித்தாளா, தெரியவில்லை.

பிப்ரவரி 18

மதிய இடைவேளையில் அவளாக வந்தாள், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டுத் துணியோடு. அவளுடைய சாம்பல் நிறச் சட்டைக்கு இந்தத் துணியில் புதுக் கை. பொருந்தும்.

"நாளைக்குள்ள முடிச்சிடுவியா?"

"முடிச்சிடுவேன் மிஸ்."

வழக்கம்போலத் துணிக்குக் கையை நீட்டினேன். அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். நானே வரைஞ்சு வெட்டிக்கறேன்."

உட்கார்ந்துவிட்டேன். வலித்தது. மூன்று வருடத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.