ஆட்டுக்குப் பின்னால் நிற்பது நான்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா எடுத்துக் கொடுத்தால்தான் மாத்திரை போடுவேன் என்று அடம் பிடிக்காதே. நான் நலம்.

நேற்றுப் பத்திரிகை வேலையாக ஒரு கிராமத்துக்குப் போனேன். காலையில் பழைய கல்பாலத்தைப் படம் எடுத்துவிட்டு, ஆடுகளுக்கான போட்டிக்குப் போனேன். முதல் பரிசு வாங்கிய ஆடு பிரேமுக்குள் அடங்கவில்லை. பின்னால் நகர்ந்து நகர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன்; தண்ணீர் தெறித்துத் தலையெல்லாம் நனைந்துவிட்டது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததால் அது நனையவில்லை. எனக்கும் அடி எதுவும் இல்லை. ஆடுதான் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

ஆட்டுக்காரம்மா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தலையைத் துவட்டி, தன் கணவருடைய கோட்டை மாட்டிவிட்டு, சூடாக டீ கொடுத்தார். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த பிறகு என் தலையை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

"எல்லாரையும் படம் எடுக்கிறியே, உன்னை யாரு எடுக்கிறாங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். வெளியே கூட்டிவந்து, ஆட்டுக்குப் பின்னால் நிறுத்தி, கேமராவை வாங்கிக்கொண்டார்.

"எதை அமுக்கணும், இதுவா? சரி, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே."

நீ கேட்டுக்கொண்டே இருந்த என் படம் இதோ. ஆடு தெளிவாக விழுந்திருக்கிறது. பின்னால் மங்கலாக நிற்பது நான்.

தலை துவட்ட நம் வீட்டுத் துண்டு ஒன்று அனுப்பு. இங்கே வாங்கியது ஈரத்தை இழுக்கவே மாட்டேன் என்கிறது. புதிது வேண்டாம், கொடியில் கிடப்பதே போதும்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறேன், பஸ் வந்துவிடும். படத்தைப் பார்த்து இளைத்துவிட்டேன் என்று அழாதே. கோட்டுதான் பெரியது.

உன் மகள்